சுவருக்கு அந்தப் பக்கத்து டேலியா

எனக்குச் சந்தேகப் புத்தி உண்டு. மறைத்துப் பிரயோஜனமில்லை, என்னோடு நாலு நாள் பழகியவர்களுக்கே தெரிந்துவிடும். பால்காரர் ஊற்றிவிட்டுத் திரும்பியதும் ஒரு சொட்டை நகத்தில் விட்டு, ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்ப்பேன். காரைக்கால்மேட்டிலிருந்து வரும் மீன்கார அம்மா செவுளைத் தூக்கிக் காட்டிய பிறகும் நான் ஒரு தரம் தூக்கிப் பார்ப்பேன். கடிதம் வந்தால் முதலில் ஒட்டிய இடத்தைத்தான் பார்ப்பேன், யாராவது பிரித்துப் படித்துவிட்டு மறுபடி ஒட்டியிருக்கிறார்களா என்று. "உன்ன பூவம் செக்போஸ்ட்ல உக்கார வச்சா போதும், காரைக்கால்லேருந்து ஒரு பிராந்தி பாட்டில் வெளிய போவாது" என்பார் என் கணவர். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அந்தப் பெருமையால் நான் இழந்தது ஒரு மனுஷியை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் கல்யாணமாகிக் காரைக்காலுக்கு வந்தேன். பிறந்த வீடு பூவத்துக்கு மேற்கே, நெல்லும் உளுந்தும் போடுகிற குடும்பம். கணவருக்கு அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. காலையில் சைக்கிளை எடுத்தால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவார். வீட்டில் நானும் மாமியாரும். வீடு பழைய காலத்து வீடு. பின்னால் கிணறும் நீளமான தோட்டமும் இருந்தன. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரில், கிணற்றடிக்குப் பக்கத்தில், குனிந்து போகிற அளவுக்கு ஒரு சின்ன மரக் கதவு. இரண்டு வீடும் ஒரு காலத்தில் ஒரே குடும்பத்துச் சொத்தாக இருந்தபோது வைத்தது என்று சொன்னார்கள்.

கதவுக்கு அந்தப் பக்கம் நாற்பத்தைந்து வயதுள்ள ஒரு கிறிஸ்தவப் பெண்மணி தனியாக இருந்தார். அவருடைய கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அவர் இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஒரே மகள் கல்யாணமாகிப் பிரான்சில் இருந்தாள். தெருவே இவரை மதாம் என்றுதான் கூப்பிட்டது. நானும் முதல் நாள் அப்படிக் கூப்பிட்டேன். "மதாமாவது மண்ணாங்கட்டியாவது. அக்கான்னு கூப்புடும்மா" என்றார். அன்றிலிருந்து தெருவில் நான் ஒருத்தி மட்டும் அவருக்கு அக்கா போட்டேன்.

மத்தியானம் மாமியார் படுத்ததும் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விடுவேன். அக்கா ஊசியும் கம்பளி நூலுமாக ஏதாவது பின்னிக்கொண்டிருப்பார். பிரான்சில் இருக்கும் பேரப் பிள்ளைக்கு, தெருவில் பிறந்த பிள்ளைகளுக்கு, யாருக்காவது. இத்தனை பின்னியும் என்னிடம் அவர் ஒரு தடவைகூட "விசேஷம் உண்டா?" என்று கேட்டதில்லை. கல்யாணமாகி ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று போகப் போக, கேட்காத ஆள் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான். அதற்காகவே அவர் மேல் எனக்கு உயிர். அதை அவரிடம் சொன்னதில்லை.

அக்காவின் தோட்டத்தில்தான் நான் முதன்முதலாக டேலியாவைப் பார்த்தேன். மாசி மாதம். இருபது தொட்டி இருக்கும். அரக்குச் சிவப்பில், இதழ் நுனி மட்டும் வெள்ளையாக, உள்ளங்கையை விரித்தாலும் மூட முடியாத அகலம். கடற்கரை ஊரில் இது வராது என்று எல்லோரும் சொன்னார்களாம். கொடைக்கானலில் இருந்த சொந்தக்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த கிழங்கு. ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்ததும் நட்டு, மார்கழிப் பனியில் வளர்த்து, மாசியில் பூ பார்த்துவிட்டு, வெயில் ஏறியதும் தண்டை வெட்டித் தொட்டியோடு கொட்டகையில் சாய்த்து வைத்துவிடுவார். அடுத்த கார்த்திகை வரை கிழங்கு காய்ந்த மண்ணுக்குள் தூங்கும்.

அந்த வருஷம் கார்த்திகைக் கடைசியில் அக்கா எனக்கு ஆறு கிழங்கு கொடுத்தார். கொத்தாக இருந்ததைக் கத்தியால் பிரித்து, கழுவி, பேப்பரில் சுற்றியிருந்தார். "மண்ணுல அப்படியே வச்சிடும்மா. ஒண்ணும் பண்ணாத" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. விவசாயி வீட்டுப் பெண்ணுக்கு ஒரு கிழங்கு நடத் தெரியாதா? வீட்டுக்குக் கொண்டுவந்து, கிணற்றடியில் உட்கார்ந்து, இன்னொரு தரம் கழுவி, தலையும் வாலும் கிள்ளி, துணியில் துடைத்து, சாணமும் மணலும் கலந்த மண்ணில் வரிசையாக வைத்தேன். மீன் கழுவின தண்ணீர் ஊற்றினேன். தினமும் போய்ப் பார்த்தேன்.

ஒன்றும் முளைக்கவில்லை. சுவருக்கு மேலே அக்காவின் செடிகள் தலை காட்டிக்கொண்டிருந்தன. "மண்ணு உப்பா இருக்குமோ என்னமோ" என்றார் அக்கா. நானும் அதை நம்பினேன்.

அடுத்த வருஷம் எட்டுக் கிழங்கு கொடுத்தார். மறுபடியும் அதே பேச்சு: "அப்படியே வச்சிடு, ஒண்ணும் பண்ணாத." இந்தத் தடவை வேறு மண் அடித்து, முன்னைவிடச் சுத்தமாக எல்லாம் செய்து நட்டேன். மார்கழி போனது. தை பிறந்தது. பொங்கலன்று மாமியார் கிணற்றடியில் நின்று அந்த வெறும் மண்ணைப் பார்த்தார். என்னிடம் சொல்லவில்லை, தண்ணீர் இறைக்க வந்த வேலைக்காரியிடம் சொன்னார். "அது என்னமோ, அவ கை வச்சா எதுதான் மொளைக்குது."

எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னார். பொங்கல் பானைக்கு முன்னால் உட்கார்ந்து புகை கண்ணில் பட்டதாகச் சொல்லி அழுதேன். கிழங்கு முளைக்காததற்கு அழவில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு நாள் கழித்துத் தோண்டிப் பார்த்தேன். அங்கேதான் என் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. ஒரு கிழங்குகூட அழுகவில்லை. எட்டும் கெட்டியாக, பளபளவென்று, அடியில் மெல்லிய வேர்கூட விட்டு இருந்தன. முளை மட்டும் இல்லை. அப்படியானால் மண்ணில் குற்றமில்லை, தண்ணீரில் குற்றமில்லை. என் கையிலும் குற்றமில்லை. குற்றம் கொடுத்த இடத்தில். யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்தது. ஏன் கழுவிக் கொடுத்தார்? கழுவினாரா, வெந்நீரில் முக்கி எடுத்தாரா? ஏன் இரண்டு தடவையும் "ஒண்ணும் பண்ணாத" என்று அழுத்திச் சொன்னார்? இருபது தொட்டி வைத்திருக்கிறவருக்கு, இந்தப் பூ தெருவிலேயே தன் வீட்டில் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று ஆசை இருக்காதா?

இன்று யோசித்தால் கூசுகிறது; வெந்நீரில் முக்கிய கிழங்கு வேர் விடுமா என்றுகூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அன்றைக்கு அந்தச் சந்தேகம் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். என் கையைச் சந்தேகப்படுவதைவிட அக்காவைச் சந்தேகப்படுவது சுலபமாக இருந்தது.

கணவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "கெழங்க வேவ வச்சுக் குடுத்தாங்களா? கூட கொஞ்சம் உப்பும் போட்டுக் குடுத்திருந்தா நாம சாப்புட்டிருக்கலாம்ல?" அன்று அவருக்கு மோர் ஊற்றவில்லை.

மாசி பிறந்ததும் ஒன்று நடந்தது. எங்கள் குப்பைக்குழி, சுவரை ஒட்டி இருந்தது. சாம்பலைக் கொட்டப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். குழியின் ஓரத்தில், ஈரக் குப்பைக்கு நடுவில், ஒரு டேலியாச் செடி. சோனிச் செடிதான், ஒரு சாண் உயரம், நாலைந்து இலை. ஆனால் அந்த இலையை இரண்டு வருஷமாகச் சுவருக்கு மேலே ஏங்கி ஏங்கிப் பார்த்தவள் நான், எனக்குத் தெரியாதா? நான் நட்ட இடத்தில் ஒன்றும் இல்லை. நடாத இடத்தில், அதுவும் குப்பையில், அதுவும் சுவருக்கு அடியில், செடி. வேறு எப்படி வரும்? சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து நல்ல கிழங்கு ஒன்றை வேண்டுமென்றே குப்பைக்குழியில் எறிந்திருக்கிறார். எனக்குக் கொடுப்பது முளைக்காதது, என் குப்பைக்குக் கொடுப்பது முளைப்பது. என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

வேரோடு பிடுங்கிச் சுவருக்கு மேலே வீசினேன். அந்தப் பக்கம் தொப்பென்று விழுந்தது. "யாரது?" என்று அக்காவின் குரல் கேட்டது. எங்கள் கொட்டகையிலிருந்து விறகைக் கொண்டுவந்து அந்தச் சின்னக் கதவின் மேல் அடுக்க ஆரம்பித்தேன். பாதி அடுக்கியிருப்பேன், கதவு தட்டுகிற சத்தம்.

"என்னம்மா? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல, மதாம்" என்றேன்.

அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் தள்ளிப் போனது. நான் மிச்ச விறகையும் அடுக்கி முடித்தேன். மாமியாரிடம், மழைக்கு முன்னால் விறகைக் காயும் இடத்தில் வைத்தேன் என்று சொன்னேன். மழைக்கு எட்டு மாதம் இருந்தது.

மீன்கார அம்மாவுக்கு எல்லா வீட்டுச் சங்கதியும் தெரியும். கூடையை இறக்கி வைத்துவிட்டு, விறகையும் கதவையும் பார்த்தார். நான் கிழங்குக் கதையை மட்டும் சொன்னேன். "கேட்டு வாங்குன செடி எங்கம்மா தழையும்? எங்க ஊட்டு மல்லிக்கொடி, முருங்கப் போத்து எல்லாம் ராவுல திருடியாந்ததுதான். திருடி வச்சாத்தான் சில செடிக்கு ரோசம் வந்து மொளைக்கும்" என்றார். இது எங்கள் பக்கத்தில் எல்லோரும் நம்புகிற விஷயம். எங்கள் அம்மாவே அண்டை வீட்டுக் கறிவேப்பிலைக் கன்றை அப்படித்தான் எடுத்துவந்தார். அந்த வீட்டுக்காரர்களும் தெரியாத மாதிரி திரும்பி நின்றார்கள்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அக்கா பூசைக்குப் போயிருந்தார். மாதா கோயில் மணி அடித்ததும் விறகில் கொஞ்சம் தள்ளி, கதவை ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்து, அக்காவின் கொட்டகைக்குள் போனேன். தொட்டிகள் சாய்ந்து கிடந்தன. ஒரு தொட்டியில் மட்டும் சுண்ணாம்பால் வெள்ளைக் கோடு போட்டிருந்தது. ஏன் இதற்கு மட்டும் அடையாளம்? இருக்கிறதிலேயே உயர்ந்த ரகமாக இருக்க வேண்டும். யாருக்கும் கொடுத்துவிடக் கூடாது என்று குறித்து வைத்திருக்கிறார். தொட்டியைக் கவிழ்த்து, மண்ணும் கிழங்குமாக முந்தானையில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வெறும் தொட்டியில் தோட்டத்து மண்ணை நிரப்பிச் சாய்த்து வைக்கவும் மறக்கவில்லை. பொய் சொல்வானேன், சந்தோஷமாக இருந்தது.

திருட்டுப் பொருளைத் தொட பயம். ஒரு பழைய சட்டியில் மண்ணோடு வைத்து, கார்த்திகை வரை அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மழை விட்டதும், மாமியார் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, கழுவாமல் துடைக்காமல் சட்டியில் இருந்தபடியே குழியில் கவிழ்த்து மூடினேன்.

பன்னிரண்டாம் நாள் முளைத்தது. நான்கு தண்டு. மாசியில் பூத்தது. அரக்குச் சிவப்பு, நுனியில் வெள்ளை. முதல் பூவைச் சாமி படத்துக்கு வைத்தேன். மாமியார் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததே எனக்குப் போதும். ஆனால் என் மனசுக்குள் அன்றைக்கு ஓங்கி நின்றது வேறு: கொடுத்தது முளைக்கவில்லை, எடுத்தது முளைத்தது. இனி என்ன சாட்சி வேண்டும்?

ஒரு நாள் அக்கா மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். என் பூவைப் பார்த்துவிட்டார்.

"பூத்திருச்சா?" என்றார்.

"ஆமாங்க. எங்க அண்ணன் ஊட்டிக்குப் போனப்ப வாங்கியாந்தாரு."

"அப்படியா" என்றார். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. "நல்லாருக்கு." அவ்வளவுதான், துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு இறங்கிப் போனார். அந்தச் சிரிப்புக்கு நான் ஏழு வருஷம் அர்த்தம் தேடியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கெட்ட அர்த்தமாகவே கிடைத்தது.

அடுத்த வருஷம் அந்தக் கிழங்கைத் தோண்டினேன். இப்போது அது என்னுடையது, பயமில்லை. பத்துக்கு மேல் இருந்தன. பிரித்து, கழுவி, எப்போதும் போலச் சுத்தம் செய்து நட்டேன். ஒன்றுகூட வரவில்லை. மாடியிலிருந்து அக்கா பார்த்தாரே, அந்தக் கண்தான் என்று முடிவு செய்தேன்.

அந்த ஐப்பசியில் எனக்கு மகள் பிறந்திருந்தாள். அதனால் டேலியா போனது அவ்வளவாக உறைக்கவில்லை. குழந்தையைப் பார்க்கத் தெருவே வந்தது. அக்கா மட்டும் வரவில்லை. பால்காரர் மூலம் ஒரு கம்பளித் தொப்பி வந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே கடைத் துணிச்சீட்டு தைத்திருந்தது. ஊரில் இருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் கையால் பின்னிக் கொடுக்கிறவர், என் பிள்ளைக்குக் கடையில் வாங்கி அனுப்புகிறார். அதுவும் கையில் கொடுக்காமல். அந்தத் தொப்பியை டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டேன்.

இப்படியே எண்பதுகள் வந்தன. தெருவில் பார்த்தால் தலையசைப்போம். நான் மதாம் என்பேன், அவர் "சௌக்கியமாம்மா?" என்பார். விறகு மட்டும் வருஷா வருஷம் மாறியது, கதவு திறக்கவில்லை. மத்தியானங்களில் எனக்குப் பேச ஆள் இல்லை. மகள் தூங்கினால் வீடு ஓவென்று இருக்கும். அப்போதெல்லாம் கதவுப் பக்கம் பார்ப்பேன். பார்த்துவிட்டு, அந்தச் சிரிப்பை நினைத்துக்கொள்வேன். கோபம் வந்துவிடும். கோபம் இருந்தால் தனிமை தெரியாது.

ஓர் ஆவணியில், அக்கா வீட்டை விற்றுவிட்டு மகளோடு இருக்கப் பிரான்சுக்கே போகிறார் என்று கணவர் சொன்னார். புறப்படுவதற்கு முந்தின நாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார், தெரு வாசல் வழியாக. கையில் பழைய பிஸ்கட் டப்பா. நரைத்திருந்தார். நான் உட்காருங்கள் என்று சொல்லவில்லை. காப்பி வேண்டுமா என்று கேட்கவில்லை. கையை நீட்டினேன். அவர் டப்பாவை என் கையில் தராமல் குனிந்து தரையில் வைத்தார். கையில் கொடுக்கக்கூட மனசில்லை, போகிற போதும் இந்தத் திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஆத்து மணல்ல போட்டிருக்கேன். கார்த்திகையில அப்படியே வச்சிடும்மா. ஒண்ணும் பண்ணாத."

"சரிங்க மதாம்."

என் மகள் உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். அவளைப் பார்த்துக் கையை ஆட்டினார். கிட்டே கூப்பிடவில்லை, தொடவில்லை. போய்விட்டார். டப்பாவைப் பரணில் ஏற்றினேன். அந்த மாதமே புது வீட்டுக்காரர்கள் அந்தப் பக்கத்திலிருந்து சின்னக் கதவைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்டார்கள்.

நட வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் கார்த்திகைக் கடைசியில் வெயில் அடித்ததும் மனசு கேட்கவில்லை. இன்னும் ஒரு தரம் ஏமாற்றியிருக்கிறாரா என்று பார்த்துவிடலாமே. டப்பாவை இறக்கினேன். மணலுக்குள் பதினோரு கிழங்கு. மேலே ஒரு காகிதத்தில் பிரான்ஸ் விலாசம். கிணற்றடியில் உட்கார்ந்து கிழங்கைத் தண்ணீரில் அலசி எடுத்து, பேசாமல் தலையும் வாலும் கிள்ளிப் போட்டுக்கொண்டு வந்தேன். ஒன்று, இரண்டு, ஐந்து. ஆறாவதைக் கிள்ளும்போது நகத்தில் ஏதோ வழவழவென்று பட்டது. பார்த்தேன்.

கிள்ளி எடுத்த துண்டு என் விரலில் இருந்தது. பழைய தண்டின் காய்ந்த கட்டை, அதை ஒட்டிக் கிழங்கின் கழுத்து. அந்தக் கழுத்தில், அரிசி அளவுக்கு, இளஞ்சிவப்பாக ஒரு முளை. மற்ற ஐந்தின் தலையையும் குப்பையிலிருந்து பொறுக்கி எடுத்தேன். எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே முளை. கிள்ளாத கிழங்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கழுத்தைத் தவிர உடம்பு முழுக்க எங்கேயும் ஒரு கண் கிடையாது.

எங்கள் ஊர்ப் பக்கம் சர்க்கரைவள்ளியைக் கொடியை நறுக்கித்தான் நடுவார்கள். கிழங்கு சமைக்க மட்டும். வாங்கினால் கழுவு, தலையையும் வாலையும் கிள்ளு, அடுப்பில் ஏற்று. பிறந்ததிலிருந்து பார்த்தது, ஐந்து வயதிலிருந்து செய்தது. கிழங்கின் தலையில் உயிர் இருக்கும் என்று என் கைக்குத் தெரியாது. முதல் வருஷம் ஆறு, அடுத்த வருஷம் எட்டு, பிறகு திருடிய கொத்தில் பத்துக்கு மேல். எல்லாவற்றின் கழுத்தையும் நானே கிள்ளி, குப்பைக்குழியில் போட்டிருக்கிறேன். அதில் ஒன்றுதான் குப்பையின் ஈரத்தில் பிழைத்து என் கண் முன்னால் வந்து நின்றது. அதைத்தான் நான் பிடுங்கி எறிந்தேன். எவ்வளவு நேரம் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. மாமியார் வந்து, உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

மிச்சம் ஐந்து கிழங்கை அப்படியே வைத்தேன். ஒன்றும் பண்ணவில்லை. ஐந்தும் முளைத்தன.

கணவர் வெளிநாட்டுக்கு எழுதும் ஏரோகிராம் தாள் வாங்கிவந்து, பிரெஞ்சு எழுத்தில் விலாசத்தைப் பார்த்து எழுதித் தந்தார். உள்ளே நான் எழுதினேன். சௌக்கியம், கிழங்கு முளைத்தது, நல்ல கிழங்கு, மாசியில் பூக்கும். நான் கிள்ளியதைப் பற்றி எழுத வரவில்லை. எழுத நினைத்தேன், வெட்கம். கடைசியில் மட்டும், ஏழெட்டு வருஷத்துக்குப் பிறகு, அக்கா என்று எழுதினேன்.

மாசியில் முதல் பூ விரிந்த வாரம் பதில் வந்தது. பழக்கதோஷம், ஒட்டிய இடத்தைத்தான் முதலில் பார்த்தேன். அக்காவின் கையெழுத்து, பேசுகிற மாதிரியே எழுதியிருந்தார்.

"மொளச்சிதுன்னு எழுதியிருந்த, ரொம்ப சந்தோஷம். அக்கான்னு எழுதியிருந்த, அதனால ஒண்ணு கேக்கறேன். இங்க குளிர்ல தனியா உக்காந்திருந்தா இதுதான் திரும்பத் திரும்ப மனசுல வருது. அன்னிக்கி நீ ஒரு செடியப் புடுங்கி இந்தப் பக்கம் எறிஞ்ச. நான் குடுத்த கெழங்குல வந்ததுன்னு எலையப் பாத்ததும் தெரிஞ்சிச்சு. புருஷன் இல்லாதவ கையால வாங்குனது வூட்டுல இருந்தா புள்ள தங்காதுன்னு யாரோ உங்கிட்ட சொல்லியிருக்காங்கன்னு நெனச்சேன். கேக்கலாம்னு கதவத் தட்டுனேன். நீ மதாம்னு சொன்ன. சரி, அதான்னு போயிட்டேன்.

அந்தச் செடிய நான் தூக்கிப் போடல. தொட்டியில வச்சு, உன்னுதுன்னு வெள்ளக் கோடு போட்டு வச்சேன். கார்த்திகையில அந்தத் தொட்டியில வெறும் மண்ணு, மாசியில உன் தோட்டத்துல பூ; நீயே வந்து எடுத்துக்கிட்டன்னு தெரிஞ்சிச்சு. கேக்காம எடுத்தியேன்னு கோவந்தான். எங் கை படாம எடுத்தாத்தான் உனக்கு வெளங்கும்னு நெனச்சிருப்பன்னு அப்புறம் தோணுச்சு. பூத்துச்சு, புள்ளயும் பொறந்துச்சு. அதோட நான் உன் வாசப்படி மிதிக்கல. தொப்பிகூட நான் பின்னுனா வேணாம்பியேன்னு கடையில வாங்குனேன். வர்றப்ப குடுத்த கெழங்க கரண்டியால எடுத்துத்தான் டப்பால போட்டேன், கையால தொடல.

இப்ப வயசாயிடுச்சு, என்ன சொன்னாலும் வருத்தப்பட மாட்டேன். எங் கைதானாம்மா?"

படித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். ஐந்து செடியும் நின்றன. இத்தனை வருஷம் அவர் என்னை ஏமாற்றினார் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, அவர் தன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறார். தன் கை பட்டால் என் பிள்ளைக்கு ஆகாது என்று, என் மகளின் தலையைக்கூடத் தொடாமல் போயிருக்கிறார். என் மாமியார் என்னைச் சொன்ன அதே சொல்லை, யாரும் சொல்லாமலே அவர் தனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்ல வைத்தது நான்.

டிரங்குப் பெட்டியைத் திறந்து அடியிலிருந்து தொப்பியை எடுத்தேன். மகளுக்கு இப்போது அது கொள்ளாது. மடியில் வைத்துக்கொண்டு, இன்னொரு ஏரோகிராமைப் பிரித்தேன். "என்ன எழுதப் போற?" என்று கணவர் கேட்டார். நீங்கள் போங்கள் என்றேன். சௌக்கியம் விசாரிக்கவில்லை, பூவைப் பற்றி எழுதவில்லை. சர்க்கரைவள்ளிக்குக் கிள்ளுவது போல ஒவ்வொரு கிழங்கையும் எப்படிக் கிள்ளினேன், எத்தனை, எந்தெந்த வருஷம் என்று வரிசையாக எழுதினேன். எறிந்ததையும் எழுதினேன், திருடியதையும் எழுதினேன். அதற்கு மேல் எனக்கு ஒரு வரிதான் வந்தது.

"உங்க கை இல்லக்கா, என் நகம்."